கை ஊன்றாமல்

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் கழிவறைத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. வெளியே வரக் கொஞ்சம் தாமதம். பால் ஊற்ற வந்த பாப்பாத்தி கடப்பாரையால் நெம்பிக் கதவைத் திறந்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்து வந்துவிட்டது. ஆசாரியை வரச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் தட்டைப்பயறு குழம்பு. முட்டிக்குத் தைலம்.

ஜனவரி 21, செவ்வாய்

பாப்பாத்திக்கு வாய் நிற்காது. சென்னையில் இருக்கும் என் மகன் திருமூர்த்திக்கு ஃபோன் போட்டு, எனக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டாள். அவன் பஸ் பிடித்து இன்று காலை உடுமலையில் வந்து நிற்கிறான். முகம் கழுவக்கூட இல்லை, நேரே எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முட்டியிலும் தேய்மானமாம், நடுத்தரமாம். “இனிமே தரையில உட்காரக் கூடாது. மாடி ஏறக் கூடாது. கீழே குந்தி உட்கார்ற கழிவறை கூடவே கூடாது” என்றார்.

முப்பத்துநான்கு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கூடாது என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது ஏன் என்று கேட்கும். அதனால் கேட்டேன்.

“அறுபத்தேழு வயசாச்சில்லைங்களா” என்றார்.

ஏன் என்று கேட்டால் எப்போது பிறந்தேன் என்பதைச் சொல்கிறார். பரீட்சையில் இப்படி எழுதினால் நான் மார்க் போட மாட்டேன். ஆனால் நல்ல மனிதர், எழுந்து நின்று வழியனுப்பினார்.

ஜனவரி 22, புதன்

மூர்த்தி லீவு நீட்டித்துவிட்டான்.

“அம்மா, பேசாம எங்கூட வந்துரு. அங்க லிஃப்ட் இருக்குது. கம்மோடு இருக்குது. நீ குனியவே வேண்டாம்.”

“நான் குனிஞ்சே பழகிட்டேன் கண்ணு.”

“வெளையாடாத. இங்க தனியா எப்படி விடறது உன்னைய?”

போன வருடம் நாற்பது நாள் அவன் வீட்டில் இருந்தேன். பதினோராவது மாடி. மருமகள் தங்கமான பெண். ஒரு சின்ன உதாரணம் மட்டும் சொல்கிறேன். நாற்பது நாளும் நான் என் செருப்பைத் தேடினேன். நான் கழற்றிப் போட்ட இடத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை. யாராவது எடுத்து அலமாரியில் ஒழுங்காக வைத்திருப்பார்கள். குறை சொல்ல எதுவும் இல்லை. கடைசியில் என்னையும் அப்படித்தான் எடுத்து வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

சாயங்காலம் வரை வாக்குவாதம் நடந்து, ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சித்திரை ஒன்றாம் தேதி அவன் கார் எடுத்துக்கொண்டு வருவான். அவன் கண்ணெதிரே நான் வெறும் தரையில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல், கை ஊன்றாமல் எழ வேண்டும். எழுந்துவிட்டால் இங்கேயே இருப்பேன். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற வேண்டும்.

சாதாரண வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவன் கையெழுத்து இன்னும் எட்டாம் வகுப்பில் இருந்த மாதிரியேதான் சாய்ந்து கிடக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

உரக்கடை மாடியில் பரிமளா என்றொரு பெண் உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறாள். பிசியோதெரபி படித்தவளாம். முட்டி வலிக்காரர்கள் நிறையப் பேர் போகிறார்கள். போவது எப்படி? பதினெட்டுப் படி. நான் நான்கு இடத்தில் நின்று ஏறினேன்.

“முட்டி வைத்தியத்தைக் கொண்டுபோய் மாடியில வெச்சிருக்கியேம்மா” என்றேன்.

“ஏறி வந்துட்டீங்கல்லங்க டீச்சர், கால்வாசி வைத்தியம் முடிஞ்சுது” என்றாள்.

என் மாணவியாம், ஏழாம் வகுப்பு பி பிரிவாம். முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனையோ முகங்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்தாள். முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தாள். “குந்தி உட்கார்ந்து எழுந்திரிக்கற பயிற்சிதானுங்க உங்களுக்கு” என்றாள்.

“டாக்டர் அதைத்தானே கூடவே கூடாதுன்னார்?”

“முட்டி வீங்கியிருக்கறப்ப சொல்லியிருப்பாருங்க. அப்ப அது சரிதான். ஆனா காலாகாலத்துக்கும் உட்காராமயே இருந்தா, தொடைச் சதை வத்திப்போயிருமுங்க. அப்பறம் மொத்தப் பாரத்தையும் முட்டி ஒண்டியாத்தான் தாங்கணும்.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. தண்ணீர்க் குடத்தை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருத்தி நடுவழியில் கையை விட்டுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. மூட்டுக்குள்ளே இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விட்டால்தான் அது பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதை நானே பாடம் நடத்தியிருக்கிறேன். என் முட்டிக்கும் அது பொருந்தும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நாற்காலியில் மூன்று தலையணையை அடுக்கி, அதில் உட்கார்ந்து எழச் சொன்னாள். எட்டு தடவை. பின்புறம் முதலில் பின்னால் போக வேண்டும், முட்டி கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. அவ்வளவுதான்.

வலிக்கும் மார்க் உண்டு. பத்துக்கு மூன்று வரை வரலாம். நான்கு வந்தால் நிறுத்த வேண்டும். மறுநாள் காலைக்குள் தணிய வேண்டும். நேர்மையாக மார்க் போடச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள்!

இன்று வலி: 3.

பிப்ரவரி 2, ஞாயிறு

வலி: 3. அரை மார்க் கருணை மார்க்.

அவரைக்காய் விலைக்கு வாங்கவே மனம் வரவில்லை. பாப்பாத்தி தோட்டத்துக் காய் கொண்டுவந்து கொடுத்தாள். “டீச்சரம்மா, தாப்பாள் போடலீங்களா இன்னும்?” என்றாள். ஆசாரிக்கு நேரம் இல்லை என்றேன்.

ஆசாரியை நான் இன்னும் கூப்பிடவே இல்லை. கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு தலையணையை எடுத்தாயிற்று.

மாடியில் என்னோடு பயிற்சி செய்பவர் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சிவகாமி அம்மாள். என்னைவிட நான்கு வயது சின்னவர், இரண்டு மடங்கு கனம். உட்காரும்போதெல்லாம் “முருகா” என்பார். எழும்போது “அட போடா” என்பார். இன்று பரிமளா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

முட்டிக்குள் டொக் டொக்கென்று சத்தம் வருகிறது. “வலி இல்லாத சத்தத்துக்குப் பயப்படாதீங்க டீச்சர். கதவு கூடத்தான் கிறீச்சுங்குது” என்றாள். உதாரணம் சொல்வதில் இவள் என் மாணவிதான்.

வலி: 2. நிஜமாகவே இரண்டு.

பிப்ரவரி 19, புதன்

தலையணை இல்லாமல் வெறும் நாற்காலி. பன்னிரண்டு தடவை.

மூர்த்தி ஃபோனில், “உனக்குன்னு ரூம் ரெடி பண்ணிட்டோம்மா. கெழக்க பாத்த ஜன்னல்” என்றான். நல்ல காற்று வரும், விருந்தாளிகளுக்கு உதவும் என்றேன்.

மார்ச் 1, சனி

முக்காலிக்கு இறங்கிவிட்டேன். முழங்கால் உயரம் கூட இல்லாத முக்காலி. முதல் தடவை எழ முடியவில்லை. பரிமளா கையை நீட்டவே இல்லை, மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தூக்கி விடேன்மா.”

“சித்திரை ஒண்ணாந்தேதி நான் வந்து தூக்கி விட முடியாதுங்க டீச்சர்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே எழுந்துவிட்டேன்.

வலி: 3. (4)

மார்ச் 12, புதன்

சிவகாமி அம்மாள் இன்று வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும். பதினைந்து எழுந்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், நீங்க எனக்கு ஒரு நாள் நூத்தியெட்டுத் தோப்புக்கரணம் போடச் சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?” என்றாள் பரிமளா. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

இல்லை என்றேன்.

“வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளுக்குத் தோப்புக்கரணம் போடச் சொல்லிட்டிருந்தீங்க. நான் எந்திரிச்சு, பிள்ளையாருக்குப் போட்டாக் கும்பிடறது, டீச்சருக்குப் போட்டாத் தண்டனைங்களான்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சிருச்சு. அப்படீன்னா நீ நூத்தியெட்டுப் போடுன்னீங்க.”

“போட்டியா?”

“எழுவத்திரெண்டுல விழுந்துட்டனுங்க. அதுக்கப்பறம் ரெண்டு நாள் பள்ளிக்கூடம் வரல. படியில உட்கார்ந்து உட்கார்ந்துதான் எறங்குவேன்.” பிறகு, “அப்பத்தான் முட்டி மேல ஒரு கண்ணு விழுந்துதுங்க” என்று சொல்லிவிட்டு, தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பேருக்குத்தான் டீச்சர், பொய் நன்றாகச் சொல்கிறேன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல். பதில் சொல்லத் தெரியாத கேள்வியை என்னிடம் கேட்டவள்.

வலி எவ்வளவு என்று குறிக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று சதுர்த்தி. நல்லபடியாக முட்டி சரியாக வேண்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. தெருமுனைக் கோயிலில் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். நூற்றெட்டு. பூசாரி முப்பதிலேயே போதுமென்றார். எழுபத்திரண்டில் கண் இருட்டியது. தூணைப் பிடித்து நின்றேன். பிறகு மீதியையும் போட்டேன்.

வீட்டுக்கு நடந்து வந்தது சரியாக ஞாபகம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வலி: 8.

மார்ச் 20, வியாழன்

முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிட்டது. பரிமளா வீட்டுக்கே வந்துவிட்டாள். பூசாரியின் மனைவி சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் ஒருத்தி ரகசியமாக முட்டி வீங்கக்கூட முடியாது.

“எத்தனை போட்டீங்க?”

“வேண்டுதல்மா.”

“எத்தனை போட்டீங்கன்னு கேட்டேன்.”

சொன்னேன். அவள் ஐஸை ஒரு துண்டில் சுற்றி முட்டியின் மேல் பொத்தென்று வைத்தாள்.

“நான் கேட்டனுங்களா உங்களை? பதிலுக்குப் பதில் போடுங்கன்னு கேட்டனா? அன்னிக்கு எனக்குப் பன்னெண்டு வயசு, முட்டி தாங்குச்சு. உங்களுக்கு அறுவத்தேழு. ஏழு வாரமா எட்டு, பத்து, பன்னெண்டுன்னு கட்டிக் கொண்டாந்ததை ஒரே நாள்ல இடிச்சுப் போட்டுட்டீங்களே!”

“கோவிச்சுக்காத அம்மிணி.”

“கோவிக்காம? முதல்ல பொய் மார்க் போட்டீங்க, தெரியாதுன்னு நெனச்சீங்களா? படி எறங்கறப்ப மூஞ்சி பார்த்தாத் தெரியாது எனக்கு?”

என்னை இப்படி யாரும் திட்டி நாற்பது வருடம் இருக்கும். ஐஸ் தண்ணீர் கணுக்கால் வரை வழிந்தது. அன்றைக்கு வகுப்பில் நான் செய்தது தப்பு என்று சொன்னேன். கேள்விக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் தண்டித்தேன் என்றும் சொன்னேன்.

“தெரியுமுங்க டீச்சர்” என்றாள். “கால நீட்டுங்க.”

சித்திரைக்கு இன்னும் இருபத்தைந்து நாள். பத்து நாளாவது உட்கார்ந்து எழவே கூடாதாம். காலை நீட்டித் தொடையை இறுக்குவது மட்டும்தான்.

மார்ச் 23, ஞாயிறு

கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். எழுத நேரம் நிறைய இருக்கிறது.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி எழுதியது தவறு. மாணவர் பொய் எழுதினால் அடித்துத் திருத்துவேன். என்னுடையதையும் திருத்துகிறேன்.

தாழ்ப்பாள் இறுகவில்லை. ஐந்தரை மணிக்கு உள்ளே போனேன். எழ முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. தாழ்ப்பாள் கதவின் மேல்பக்கம், கை எட்டவில்லை. சுவரில் பிடிக்க எதுவும் இல்லை. பின்பக்கமாகச் சாய்ந்து ஈரத்தரையில் உட்கார்ந்தேன். கூப்பிட்டால் தெருவுக்குக் கேட்கும். கூப்பிடவில்லை. இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

தனிமங்களை வரிசையாகச் சொன்னேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். கால்சியம் வரை வந்து திரும்ப ஆரம்பித்தேன். சுவரில் ஓடு நீளவாட்டில் ஒன்பது, உயரவாட்டில் பதினான்கு. ஏழே முக்காலுக்குப் பாப்பாத்தி வந்து, “ஏனுங் டீச்சரம்மா, உள்ளயா இருக்கறீங்க?” என்று கேட்டபோது, “தாழ்ப்பாள் இறுகிடுச்சு பாப்பாத்தி” என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். அது மட்டும்தான் அன்றைக்கு என்னால் முடிந்தது.

அவள் என் சேலையைச் சரிசெய்துவிட்டு வெளியே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கதவை வெறுமனே சாத்திக்கொண்டுதான் போகிறேன். ஆசாரிக்கு ஒரு குறையும் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

வீக்கம் வடிந்தது. மறுபடி நாற்காலி. எட்டு.

மூர்த்தி: “என்னம்மா, துணிமணி எல்லாம் எடுத்து வெக்க ஆரம்பிச்சிட்டியா?”

நான்: “நீ வர்றப்போ பெட்டி ஏதும் கொண்டுவராதே. வண்டி காலியா வந்தாப் போகறப்போ லேசா இருக்கும்.”

வலி: 2.

ஏப்ரல் 5, சனி

முக்காலி. பத்து. வலி 3. கருணை மார்க் கிடையாது.

நார்த்தங்காய் உப்பில் போட்டேன். வெய்யில் கொளுத்துகிறது.

ஏப்ரல் 9, புதன்

முக்காலியை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு மணைப்பலகையைப் போட்டாள் பரிமளா. தரையிலிருந்து நான்கு விரல் உயரம். உட்கார்ந்தேன். எழுந்தேன். சிவகாமி அம்மாள் எனக்காக “அட போடா” என்றார்.

தரையிலிருந்து எழ வேறு வழி. சம்மணத்திலிருந்து பக்கவாட்டில் திரும்பி மண்டியிட வேண்டும். ஒரு காலை முன்னால் ஊன்ற வேண்டும். பாரம் முழுவதும் அந்தக் குதிகாலுக்குப் போக வேண்டும். கை இரண்டும் முன்னால் நீண்டிருக்கும். நான்கில் ஒரு தடவைதான் வந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆசாரியைக் கூப்பிட்டேன். அரை மணியில் வந்துவிட்டார்.

“எங்கீங்க வெக்கறது?”

தரையிலிருந்து ஒன்றரை அடியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன்.

“இங்கயா? தாப்பாளைப் போயி யாராச்சும் கீழ வெப்பாங்களா டீச்சர்?”

“நான் வெப்பேன்.”

தலையைச் சொறிந்துகொண்டே திருகு முடுக்கினார். நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டுகிறது. அளந்துதான் கோடு போட்டேன். பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும் போடச் சொன்னேன். கைப்பிடி வைப்பது தோல்வி இல்லை. பேருந்தில் கம்பி இருப்பதால் யாரும் நடக்கத் தெரியாதவர் ஆகிவிடுவதில்லை.

இன்னும் தாழ் போடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தரையிலிருந்து ஆறு தடவை முயன்றேன். மூன்று வந்தது. பாதிக்குப் பாதி. தேர்ச்சிதான், ஆனால் நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

மூர்த்தி விடியும் முன்பே வந்துவிட்டான். பெட்டி இரண்டு கொண்டுவந்திருக்கிறான். வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, வடை. சாப்பிட்டு முடித்ததும் அவனே கூடத்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினான். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன்.

“அம்மா, இது வேண்டாம்மா. வெளையாட்டுக்குக் கையெழுத்துப் போட்டோம்.”

“நான் வெளையாட்டுக்குக் கையெழுத்துப் போடறதில்ல.”

உட்கார்ந்தேன். பக்கவாட்டில் திரும்பி மண்டியிட்டேன். வலது காலை முன்னால் ஊன்றினேன். பாதி தூரம் எழுந்திருப்பேன், முட்டி டக்கென்று ஒரு சத்தம் போட்டது. மூர்த்தி பாய்ந்து வந்தான்.

“தொடாதே!”

வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகளை அடக்கிய குரல். அவன் அப்படியே நின்றுவிட்டான். ஆனால் எனக்கு நிதானம் தவறிவிட்டது. மெதுவாகத் திரும்பத் தரைக்கே இறங்கினேன்.

“போதும்மா” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. “ரெண்டே கால் மணி நேரம் நீ அதுக்குள்ள உட்கார்ந்திருந்தேன்னு எனக்குத் தெரியும். நீ தினமும் அஞ்சரைக்குப் போறது எனக்குத் தெரியாதா? ஏழே முக்காலுக்குத்தான் கதவை நெம்புனேன்னு பாப்பாத்தி அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீ தாப்பாள் தாப்பாள்னு சொன்னே, நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில அஞ்சரைக்கு எனக்கு முழிப்பு வருதும்மா.”

இது எனக்குத் தெரியாது.

தரையில் உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்தேன். “அன்னிக்கு உன் அம்மாவுக்கு எந்திரிக்கத் தெரியல கண்ணு. அதுக்காகத்தான் மூணு மாசம் படிச்சிருக்கேன். கை ஊன்றாமல்னுதான் தாளில் இருக்கு. ஒரே தடவையிலன்னு இல்ல. படிச்சுப் பாரு.”

அவன் நிஜமாகவே தாளைப் படித்துப் பார்த்தான்.

மறுபடி மண்டியிட்டேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. குதிகால், தொடை, இடுப்பு. கை இரண்டும் முன்னால். முட்டி முணுமுணுத்தது. வலியே இல்லாத சத்தம், கதவு மாதிரி. முட்டி விரலைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே எழுந்தேன். நின்றேன். கை எங்கேயும் படவில்லை.

மூர்த்தி மூக்கை உறிஞ்சினான். பிறகு, “இதென்ன பெரிய வித்தையா? எல்லாருந்தான் எந்திரிப்பாங்க” என்றான், தோற்றுப்போன பிள்ளை பேசுவது போல.

“எங்கே, நீ குந்தி உட்காரு பார்ப்போம். குதிகால் தரையில படணும்.”

நாற்பத்தொரு வயது. வேட்டியை மடித்துக் கட்டினான், குந்தினான். குதிகால் இரண்டும் தூக்கிக்கொண்டது. அழுத்திப் பார்த்தான். அப்படியே பின்னால் சாய்ந்து பொத்தென்று விழுந்தான். பால் கணக்குக்கு வந்த பாப்பாத்தி வாசலிலிருந்தே, “அய்யோ சாமி, தம்பி விழுந்துருச்சு!” என்று கத்தினாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவனை நான் தூக்கிவிடவில்லை.

உரக்கடை மாடியைக் கைகாட்டி, நாளைக் காலை ஏழு மணிக்கு அங்கே போ என்றேன். பதினெட்டுப் படி என்றும் சொன்னேன்.

வலி: 3.

ஏப்ரல் 16, புதன்

மூர்த்தி கிளம்பினான். பெட்டி இரண்டும் காலியாகப் போகின்றன. நார்த்தங்காய் ஒரு பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டான். பரிமளா அவனுக்கு மூன்று தலையணையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறாள். அது அவனுக்குப் பெரிய அவமானம்.

வண்டியில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, “இங்கயே இரு, சரி. ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க. பாத்ரூமுக்குள்ள போகறப்ப தாழ் மட்டும் போட்டுக்காதம்மா” என்றான்.

தெருத் திரும்பும் வரை கையசைத்தேன். பிறகு உள்ளே போனேன். தாழ் போட்டுக்கொண்டேன்.